சுஹரெல்லா என்ற பெயர்

சுலைஹா மிஸ் மௌத்தான செய்தி பேத்தியின் வாயால் வந்தது. வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். கம்பஸிலிருந்து போனில் கோல் எடுத்தவள், "உம்மும்மா, மிஸ்..." என்றதோடு நிறுத்திவிட்டாள். மீதியை அழுகை சொன்னது. மிஸ் படித்த புவிச்சரிதவியலைத்தான் அவளும் படிக்கிறாள். எனக்கு அது பெருமைதான், மறைப்பானேன்.

கற்பிட்டியில் எங்கள் முன்னறையில் மிஸ் முன்பு சில காலம் வாடகைக்கு இருந்ததைப் பலரும் அறிவீர்கள். கம்பஸில் படிப்பித்து ஓய்வு பெற்றபின் கடல் பார்த்த ஜன்னல் வேண்டுமென்று வந்தவர், அந்த ஜன்னல் பக்கம் திரும்பியதே குறைவு. நுணுக்குக்காட்டியில் குனிந்தபடியே இருப்பார். ஆழ்கடலின் அடியைத் துளைத்தெடுத்த சேற்றைக் கழுவினால் உப்புத் தூளைப் போலச் சிறு கடலுயிர்களின் ஓடுகள் கிடைக்கும். ஃபொராமினிஃபெரா என்பார்.

"ஒருக்கா பாருங்க ராத்தா" என்று ஒருநாள் என்னையும் கதிரையில் இருத்தினார். கறுப்புத் தட்டில் வெள்ளை வெள்ளையாய், தஸ்பீஹ் மணி கோத்தது போல ஓடுகள். ஒவ்வொரு மணியும் அந்த உயிர் வளர வளரக் கட்டிய அறையாம். நுனியில் ஒரு வாய். நாமெல்லாம் வருவதற்கு முன்பே அழிந்து போனவை. வெளியே படகுச் சத்தம் கேட்டது. நானோ இருட்டுத் தண்ணீருக்குள் மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டிருந்தேன். அடுப்பில் கறி தீய்ந்தது பிறகுதான் தெரிந்தது.

அவற்றில் ஒரு வகையைத் தனிப் பேரினம் என்று மிஸ் இளவயதில் பிரித்து, மௌத்தான தன் உம்மா சுஹராவின் பெயரால் 'சுஹரெல்லா' என்று வைத்திருந்தார். மற்றவற்றின் வாயில் ஒரு பல் உண்டு, இதற்கு இல்லை. அதுதான் அடையாளம்.

ஒரு பகல் சோறு கொண்டு போனபோது கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சும்மா இருந்தார்.

"புதுச் சேத்துல உடையாத ஓடு கிடைச்சிருக்கு ராத்தா. அதுக்குப் பல்லு இருக்கு. பழைய ஓட்டைத் திருப்பிப் பாத்தா, பல்லு முறிஞ்ச தழும்பு."

"அப்ப?"

"அப்ப சுஹரெல்லா எண்டு தனியா ஒண்டு இல்ல. முந்தியே பேர் வச்ச இன்னொண்டுதான் இது."

உம்மாவின் பெயர் போகப் போகிறதென்று புரிந்தது. ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை. "எனக்கும்தான் முன்பல்லு போயிட்டு. நான் வேற குடும்பமா மிஸ்?"

சிரித்தார். சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தார்.

"பேசாம விடுங்களேன்" என்றேன். "ஆருக்குத் தெரியப் போகுது? உம்மாட பேரல்லவா."

"உம்மாட பேரெண்டதாலதான் ஏலாது ராத்தா. பிழையான இடத்துல அவங்கள எப்படி வைக்கிற?"

தான் பிரித்தது பிழையென்று தானே ஆராய்ச்சி இதழுக்கு எழுதி அனுப்பினார். அன்று அஸர் தொழுகைக்குப் பிறகு கடற்கரையில் நடந்தோம். கருவாடு காய்ந்த மணலைத் தாண்டினோம். பிறகு, "பேர் அழியாது. மற்றப் பேருக்குக் கீழ, இதுவும் அதுதான் எண்டு எழுதி வைப்பாங்க. உம்மாவும் எப்பவும் பின்னுக்கு நிக்கிற ஆள்தான்" என்றார்.

மிஸ்ஸின் ஜனாஸா பார்க்கப் போய்வந்த பேத்தி, சுஹரெல்லா பெயர் இருக்கும் பக்கத்தைப் போனில் எடுத்துத் தந்தாள். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான், இங்கிலீஷ் எழுத்து தெரியாது. அவள் விரல் வைத்துக் காட்டினாள். பேரினத்தின் பெயருக்குப் பக்கத்தில் அதை வைத்தவரின் பெயரையும் எழுதுவது வழக்கமாம். பெரிய பெயருக்குக் கீழே, சுஹராவும் சுலைஹாவும். மிஸ்ஸிடமிருந்து நான் வைத்திருப்பது அந்த ஒரு வரி. உம்மாவும் மகளும் அதில் அடுத்தடுத்து இருக்கிறார்கள்.