தம்பி பேரில் கொடுத்த ரத்தம்

கெங்கேஷை வெட்கங்கெட்டவன் என்று எங்கள் ஊரில் இன்றும் சொல்கிறவர்கள் உண்டு. சுத்தப் பொய். வெட்கம் அவனுக்கு வேண்டிய மட்டும் இருந்தது. வினையே அதுதான்.

ரஷ்யாவுக்குள் அவன் நுழையத் தடை இருந்தது. அதனால் தம்பி ஊலாரின் பாஸ்போர்ட்டில் போய் மாஸ்கோவில் இரண்டு வருடம் மூட்டை தூக்கினான். இருவருக்கும் ஒரே முகஜாடை. எங்கள் பக்கத்தில் யார்தான் அப்படிப் போகவில்லை? ஊர் திரும்பி மனைவி அய்சாடாவோடு ஒரு வாரம் சந்தோஷமாக இருந்தான். அப்புறம் மாஸ்கோ அறைத்தோழன் போன் செய்தான்.

"டேய், எனக்கு சிபிலிஸ்னுட்டாங்க. ரெண்டு பேரும் அவகிட்டத்தானே போனோம்? நீயும் போய்ப் பாத்துடு."

கெங்கேஷுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அய்சாடாவிடம் முதுகுவலி என்று புளுகித் தனியாகப் படுத்தான். பத்தாம் நாள் ஓஷ் நகரத்துக்குப் பஸ் ஏறினான்.

"பேரு?" என்றாள் ஆஸ்பத்திரிக் கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவள்.

மாஸ்கோ போலீஸிடம் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய் "ஊலார்" என்றது. பிறந்த தேதியும் தம்பியுடையதே தடங்கலில்லாமல் வந்தது. திருத்தியிருக்கலாம். திருத்தவில்லை, பாவி. தன் பேர் அங்கே இல்லாததில் அவனுக்கு ஒரு நிம்மதி. சோதனைக்கு ரத்தம் கொடுத்துவிட்டு ஊர் திரும்பினான்.

அடுத்த வியாழக்கிழமை ஊலாருக்குப் பெண் கொடுப்பவர்கள் கல்யாண நாள் குறிக்க வந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். ஓஷ் ஆஸ்பத்திரி அனுப்பிய சீட்டோடு வந்த ஊர் நர்ஸ் பூருல் மாப்பிள்ளையை வாசலுக்கு அழைத்தாள். அவள் மெல்லத்தான் பேசினாள், கத்தியது ஊலார்.

"எனக்கு சிபிலிஸா? நான் ஓஷ் பக்கமே போகலக்கா!"

"உன் பேரு, உன் தேதி. அப்ப இது யாருப்பா?"

பெண்ணின் மாமா கோப்பையைத் தள்ளி வைத்து எழுந்தார். "வாங்க போகலாம். நல்லவேளை, அல்லா இப்பவே காட்டிக்கொடுத்தான்."

ஊலார் அண்ணனைத் திரும்பிப் பார்த்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் அண்ணனைக் காட்டிக்கொடுக்கவில்லை. கெங்கேஷால் அதைத்தான் தாங்க முடியவில்லை.

"உக்காருங்க மாமா. அந்த ரத்தம் என்னுது. அவன் பேரை நான்தான் கொடுத்தேன்."

யாரும் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. அய்சாடா ரொட்டித் தட்டைக் கீழே வைத்தாள். அழவில்லை, ஏசவில்லை. அத்தனை பேர் முன்னாலும் சட்டைக் கையை மேலே சுருட்டி நர்ஸிடம் நீட்டினாள்.

"எனக்கும் எடுங்கக்கா. என் பேரையே எழுதுங்க."