பின்சீட்டில் அன்று யாரும் இல்லை

அவளிடம் கார் ஓட்டக் கற்றுக்கொண்டவர்கள், அவளைவிடப் பத்து வயது மூத்தவர்கள் உட்பட, எல்லோரும் அவளை பிரேக் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். பயிற்சிக் காரில் பக்கத்து இருக்கையின் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். ஓட்டுகிறவர் பதறினால் சொல்லிக்கொடுப்பவர் மிதித்து நிறுத்துவதற்காக. அவளுடைய கால் அதைவிட்டு அகலாது. வண்டி நின்றுகொண்டிருந்தாலும் கால் அங்கேதான். வீட்டில் டிவி பார்க்கும்போது அதில் ஏதாவது வண்டி வேகமாக வந்தால் அவள் பாதம் தரையை அழுத்துவதைக் கணவர் பார்த்துவிட்டு, "நிறுத்திட்டியா?" என்று கேட்பார்.

பயம் அவளோடு பிறந்தது. லிஃப்டில் தனியாக ஏறமாட்டாள். தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தால் மூன்றாவது முறை அடிக்கும்வரை எடுக்கமாட்டாள். முப்பத்தைந்து வயதுவரை ஸ்டியரிங்கைத் தொட்டதில்லை. கணவர் டாக்ஸி ஓட்டிக்கொண்டிருந்தார். ஒருநாள் சிக்னலில் நின்றபோது அவருக்கு வலிப்பு வந்தது. நல்லவேளை, வண்டி ஓடவில்லை. இனி ஓட்டவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதன்பின் கார் வாசலில் தூசி படிந்து நின்றது. ஏழு மாதம் அதைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, எட்டாவது மாதம் அவள் கற்றுக்கொள்ளப் போனாள். அதற்கு மூன்று வருடம் கழித்துப் பயிற்சி கொடுக்கும் உரிமமும் வாங்கினாள்.

வேறு இடங்களில் திட்டு வாங்கி, பாதியில் விட்டவர்களெல்லாம் அவளைத் தேடி வந்தார்கள். "பயப்படறவங்களுக்குத்தான் நான் சொல்லிக் குடுப்பேன். தைரியசாலிங்க வேற எடம் பாத்துக்கலாம்," என்பாள். யார் எந்த நாளில் எத்தனை மணிக்கு என்பதைக் கணவர் ஒரு நோட்டில் எழுதிவைப்பார். ஆறு வருடத்தில் மூன்று நோட்டுகள் நிரம்பியிருந்தன.

அந்தத் திங்கட்கிழமை காலை பத்து மணி வகுப்பு மருந்துக்கடைக்காரருக்கு. ஐம்பதைத் தாண்டியவர். மனைவியை வாரத்துக்கு இரண்டு முறை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டியிருந்ததால் கற்றுக்கொள்ள வந்தவர். கிடங்குகளுக்குப் பின்னால் உள்ள அகலமான சந்தில் ரிவர்ஸ் எடுத்துப் பழகிக்கொண்டிருந்தார். அடுத்து ஓட்ட வேண்டியவர் பின்சீட்டில் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்பது அவள் வைத்திருந்த வழக்கம். அன்று பின்சீட்டில் இருந்தது, பல் டாக்டரிடம் வேலை செய்கிற பத்தொன்பது வயதுப் பெண்.

"அக்கா, தொண்டை வறண்டு போச்சு. தண்ணி வாங்கிட்டு ஓடி வந்துடறேன்."

"பாத்துப் போ. ரோட்டத் தாண்டும்போது ரெண்டு பக்கமும் பாரு."

அந்தப் பெண் இறங்கிப் போனாள். மருந்துக்கடைக்காரர் ரிவர்ஸ் கியர் போட்டார். பிரேக் அக்காவின் கண் பக்கவாட்டுக் கண்ணாடியில் இருந்தது. ஆனால் அவள் வண்டியின் பின்புறத்தைப் பார்க்கவில்லை. அந்தப் பெண் சாலையைத் தாண்டிவிட்டாளா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு நிமிடம் முன்புவரை காலியாக இருந்த சந்துமுனையில் லாரி ஒன்று வந்து நின்றிருந்தது. அதன் பின்புறம் இரும்புக் கம்பிகள் நீட்டிக்கொண்டிருந்தன. சிவப்புத் துணி எதுவும் கட்டவில்லை. நேராகப் பார்த்தால் கம்பி ஒரு புள்ளிதான், கண்ணுக்கே தெரியாது.

மருந்துக்கடைக்காரர் பிரேக் என்று நினைத்து ஆக்சிலரேட்டரை மிதித்தார். அவள் தன் பிரேக்கை மிதித்தாள். மிதித்தாள்தான், ஆனால் அரை நொடி தாமதம்.

வெடிச்சத்தம் போல ஒன்று கேட்டது. பின்கண்ணாடியில் விரிசல் எல்லாம் விழவில்லை. முழுக் கண்ணாடியும் ஒரே கணத்தில் வெளுத்து, கல் உப்பு மூட்டை அவிழ்ந்தது போலச் சீட்டில் கொட்டியது. அதன் ஊடே உள்ளே வந்த கம்பி ஒன்று, பின்சீட்டின் தலைசாய்ப்பானைக் கிழித்துக்கொண்டு நின்றது.

சற்றுமுன் அந்தப் பெண்ணின் தலை இருந்த இடம் அது.

"நான் பிரேக்கத்தான் மிதிச்சேன்," என்றார் மருந்துக்கடைக்காரர். ஸ்டியரிங்கை விடவேயில்லை. அவள் ஒவ்வொரு விரலாகப் பிரித்துத்தான் கையை எடுக்க வேண்டியிருந்தது. லாரிக்காரர் இறங்கி வந்து பார்த்தார். "நின்னுட்டிருந்த வண்டியில வந்து இடிச்சிருக்கீங்க," என்றார். அது சரிதான். தண்ணீர் பாட்டிலோடு திரும்பி வந்த பெண், திறந்து கிடந்த பின்பக்கத்தையும் கம்பியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நான் அங்கதானே அக்கா உக்காந்திருந்தேன்," என்றாள்.

பிரேக் அக்கா அப்படியே சாலை ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

*

சாயங்காலம் கொழுந்தன் வந்தான். கணவரின் தம்பி, இன்ஷூரன்ஸ் ஏஜென்ட். அவர்கள் காரின் பாலிசியை ஆறு வருடமாக அவன்தான் புதுப்பித்துக்கொடுக்கிறான். நடந்ததைக் கேட்டதும் அவன் முகம் ஒரு மாதிரி ஆனது. கம்பியை நினைத்துத்தான் என்று அவள் எண்ணிக்கொண்டாள்.

"அண்ணி, நீங்க ஒண்ணும் பேச வேண்டாம். வண்டிய நிறுத்தி வெச்சிருந்தேன், வந்து பாத்தா யாரோ கல்ல விட்டு ஒடச்சிருந்தாங்க. அவ்ளோதான்."

"அது பொய்யாச்சே."

"பொய்யில்ல, சுருக்கம். ஓட்டினது யாரு, உள்ள எத்தனை பேருன்னு நோண்ட ஆரம்பிச்சா உங்க பயிற்சி லைசென்ஸுக்கே வேட்டு வெச்சிடுவாங்க. அப்புறம் வீட்டுல அடுப்பு எரிய வேண்டாமா?"

கணவர் நோட்டை மூடினார். கொழுந்தன் தன் கையெழுத்திலேயே பாரத்தை நிரப்பினான். அவள் கையெழுத்துப் போட்டாள். பேனா வழுக்கியது. கை அவ்வளவு வியர்த்திருந்தது.

இன்ஷூரன்ஸ் கம்பெனியின் ஆய்வாளர் வந்து பார்க்கும்வரை கண்ணாடி மாற்றக் கூடாது. கொழுந்தன் அந்த ஓட்டையில் பிளாஸ்டிக் தாளை ஒட்டிவிட்டுப் போனான். காற்று அடிக்கும்போதெல்லாம் அது படபடத்தது. வகுப்பு எதுவும் எடுக்கவில்லை. அடுத்த மூன்று நாளும் அவள் பாத்திரம் தேய்த்துக்கொண்டே அந்தப் பொய்யை ஒத்திகை பார்த்தாள். நிறுத்தி வெச்சிருந்தேன். எங்கே? கடைக்கு முன்னாடி. எந்தக் கடை? ஒவ்வொரு பதிலுக்குப் பின்னாலும் இன்னொரு கேள்வி வந்து நின்றது. இரண்டாம் நாள் அந்தப் பெண் போன் செய்தாள். "அக்கா, நான் வீட்டுல அம்மாகிட்ட சொல்லல. நீங்க பயப்படாதீங்க." அந்த வார்த்தைக்குப் பிறகு அவளால் சாப்பிட முடியவில்லை.

வியாழக்கிழமை கார் கண்ணாடிக் கடைக்கு ஆய்வாளர் வந்தார். ஒல்லியான மனிதர், மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் மாட்டித் தொங்கவிட்டிருந்தார். காரைச் சுற்றி வந்து படம் எடுத்தார். கதவைத் திறந்து சீட்டைத் தடவினார். குனிந்து பார்த்தார்.

"கல்லு எங்கம்மா?"

"எந்தக் கல்லு சார்?"

"கண்ணாடிய ஒடச்ச கல்லு. உள்ளதானே விழுந்திருக்கணும்."

ஒத்திகையில் இந்தக் கேள்வி வரவில்லை. கண்ணாடிக் கடைக்காரர் தன் ரேடியோவின் சத்தத்தைக் குறைத்தார். ஆய்வாளர் தலைசாய்ப்பானில் இருந்த ஓட்டைக்குள் விரலை விட்டார். இரண்டாவது கணு வரை உள்ளே போயிற்று. வெளியே எடுத்து, நுனியில் ஒட்டியிருந்த துருவைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். மருந்துக்கடைக்காரர், தண்ணீர் பாட்டில், லாரி, தன் கண் போன இடம், அரை நொடி. ஒன்றையும் விடவில்லை.

"பக்கத்து சீட்டுக் காலடியிலயும் பிரேக் இருக்கறத கதவத் தொறந்தவுடனே பாத்துட்டேன்," என்றார் அவர். "இந்தப் பாலிசிய என்னைக்காவது படிச்சிருக்கீங்களா?"

"கொழுந்தன் பாத்துக்கறார் சார்."

அவர் தன் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து, ஒரு வரிக்குக் கீழே நகத்தால் கோடு போட்டுக் காட்டினார். சொந்த உபயோகத்துக்கு மட்டும். வாடகைக்கோ பயிற்சிக்கோ பயன்படுத்தினால் பொருந்தாது.

"அப்போ கண்ணாடிக்குக் கெடைக்காதா?"

"கண்ணாடிய விடுங்கம்மா. கண்ணாடி மட்டும் போனதாலதான் நாம இங்க நின்னு பேசிட்டிருக்கோம். அந்தப் பொண்ணு எறங்காம இருந்திருந்தா..." அவர் முடிக்கவில்லை.

அவளே முடித்துக்கொண்டாள். அந்தப் பெண் மட்டுமல்ல. ஆறு வருடம், மூன்று நோட்டு. மேம்பாலத்தில் நடுவழியில் இன்ஜினை அணைத்துவிட்ட கர்ப்பிணி டீச்சர். நாற்சந்தியில் கண்ணை மூடிக்கொண்ட தபால்காரர். சாலையைக் கடந்த குழந்தைகள், சைக்கிள்காரர்கள். அவர்களில் யாருக்கு எது நடந்திருந்தாலும் பின்னால் ஒரு பாதுகாப்பும் இல்லை. இத்தனை பேரையும் அந்தரத்தில் கட்டிய கயிற்றில் நடத்திக் கூட்டிப் போயிருக்கிறோம், அது தெரியாமலேயே. கடைக்காரர் ஸ்டூலைத் தள்ளிப் போட்டு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தார். அது பாதிக்குமேல் அவள் மடியில்தான் கொட்டியது.

"பொய்யா எழுதின பாரத்த வாபஸ் வாங்கறதா ஒரு கடுதாசி எழுதிக் குடுங்க," என்றார் ஆய்வாளர். "ஆனா நான் பாத்தத நான் எழுதித்தான் ஆகணும். கம்பெனி என்ன செய்யும்னு என்னால வாக்கு குடுக்க முடியாது."

அங்கிருந்தே அவள் வீட்டுக்குப் போன் செய்தாள். "நோட்டுல இருக்கற எல்லாருக்கும் போன் பண்ணுங்க. மறுபடி சொல்றவரைக்கும் கிளாஸ் இல்ல."

"எத்தனை நாளைக்குன்னு கேப்பாங்களே."

"தெரியலன்னு சொல்லுங்க."

*

அன்றைக்குக் கொழுந்தன் தானாக வரவில்லை. கூப்பிட்டு வரவழைக்க வேண்டியிருந்தது. நாற்காலி நுனியில் உட்கார்ந்துகொண்டு தரையைப் பார்த்துப் பேசினான்.

"முதல் வருஷமே பாலிசிய பயிற்சிக்குன்னு மாத்தணும்னு இருந்தேன் அண்ணி. மறந்துட்டேன். ரெண்டாவது வருஷம் ஞாபகம் வந்துச்சு. இப்பப் போய்ச் சொன்னா அண்ணன் என்ன நெனப்பாரோன்னு விட்டுட்டேன். மூணாவது வருஷத்துலேருந்து அதுவே பழகிடுச்சு."

"அப்போ என் லைசென்ஸ் போயிடும்னு நீ பயந்தது?"

"என்னோட ஏஜென்ட் லைசென்ஸுக்குத்தான் பயந்தேன்."

யாரிடமும் குரலை உயர்த்தாத கணவர் எழுந்து நின்றார். "எந்திரிச்சுப் போடா," என்றார். அவர் இடது கை நடுங்கத் தொடங்கியது. அவளுக்குக் கொழுந்தன் மேலிருந்த கோபமெல்லாம் எங்கோ போய்விட்டது. மாத்திரையை எடுத்துக் கொடுத்து, அவர் கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டு அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தாள். நல்லவேளையாக அன்று வலிப்பு வரவில்லை.

கடிதத்தை அவளே எழுதினாள். நடந்தது முழுவதையும், பாரத்தில் பொய் எழுதிக் கையெழுத்துப் போட்டதையும். அனுப்பிய பிறகு பதினாறு நாள் காத்திருந்தாள். வாசலில் யாராவது நின்றால் போலீஸ் என்று நினைத்தாள். தபால்காரர் அடுத்த வீட்டுக்குப் போனால்தான் மூச்சு விட்டாள். பதினேழாவது நாள் கம்பெனியின் கடிதம் வந்தது. கண்ணாடிக்கு எதுவும் தர இயலாது. வாபஸ் ஏற்கப்படுகிறது. மேற்கொண்டு நடவடிக்கை இல்லை, இதைப் பதிவில் வைத்திருக்கிறோம். அவள் அதை மூன்று முறை படித்தாள். கணவர் வாங்கி நான்காவது முறை உரக்கப் படித்தார்.

புதுக் கண்ணாடியைத் தங்கள் செலவிலேயே போட்டார்கள். பசை இறுகும்வரை ஒருநாள் கதவை அறைந்து மூடக் கூடாது என்றார் கடைக்காரர். அவள் ஒரு வாரம் அறையவில்லை.

பாலிசிக்கு அவளே கம்பெனி அலுவலகத்துக்குப் போனாள். கையெழுத்துப் போடும் முன் முழுவதையும் படிக்க வேண்டும் என்று சொல்லி, பிளாஸ்டிக் நாற்காலியில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து வரிவரியாக விரல் வைத்துப் படித்தாள். பயிற்சிக்கு என்று இருக்கிறதா, கற்றுக்கொள்பவர் ஓட்டினால் செல்லுமா, பின்சீட்டில் இருப்பவருக்கு உண்டா என்று நான்கு முறை எழுந்து போய்க் கேட்டாள். "கண்ணாடிக்குத் தனியா ஒரு பிரிவு இருக்கு, சேத்துக்கறீங்களா?" என்று கவுன்டரில் இருந்த பெண் கேட்டாள். "சேருங்க," என்றாள். அடுத்த வருடம் சரளைக்கல் தெறித்து முன்கண்ணாடி விரிசல் விட்டபோது அது உதவியது. ஓட்டியது யார், உள்ளே எத்தனை பேர் என்று உள்ளபடி எழுதினாள். ஐந்தாம் நாள் கண்ணாடி மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். அந்த ஐந்து நாளும் அவள் சரியாகத் தூங்கவில்லை என்பது வேறு விஷயம்.

வகுப்பை மறுபடி தொடங்குவதற்கு முன் அவள் போக வேண்டிய வீடு ஒன்று இருந்தது. மூன்றாம் மாடி. லிஃப்ட் இருந்தும் படியேறிப் போனாள். அந்தப் பெண்ணின் அம்மா கதவைத் திறந்தார். உட்காரச் சொல்லியும் உட்காராமல் எல்லாவற்றையும் சொன்னாள். அந்த அம்மாள் நடுவில் ஒருமுறை சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்களே வந்து சொன்னீங்க. அதுக்கு நன்றி," என்றார் கடைசியில். "ஆனா இனிமே அவ உங்ககிட்ட வர மாட்டா."

"சரிங்கம்மா."

"கோவத்துல சொல்லல. என்னால முடியாது, அவ்ளோதான்."

உள்ளே அந்தப் பெண் நின்றிருந்தாள். கதவு மெதுவாகத்தான் மூடியது.

ஒரு செவ்வாய்க்கிழமை, முதல் வகுப்புக்கு மருந்துக்கடைக்காரரே வந்தார். வரமாட்டார் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். பின்சீட்டில் ஒருவரும் இல்லை. இனி ஒருவரும் உட்காரப் போவதும் இல்லை, அதை அவள் நிறுத்திவிட்டாள். ஒரு மைதானத்துக்குப் போனார்கள். அவர் ரிவர்ஸ் கியரில் கையை வைத்துவிட்டு எடுத்தார். மறுபடி வைத்தார்.

"எறங்கிப் போய்ப் பின்னாடி பாத்துட்டு வரலாம் சார்," என்றாள்.

இருவரும் இறங்கினார்கள். காருக்குப் பின்னால் நடந்தார்கள். வெறும் மண், தூரத்தில் ஒரு மதில். மறுபடி ஏறி உட்கார்ந்தார்கள்.

"அக்கா, ஒண்ணு கேக்கட்டுமா? உங்களுக்கும் பயமா இருக்கா?"

"இருக்கு சார். ரொம்ப."

அவர் தலையை ஆட்டினார். கையைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டு, திரும்பிப் பின்னால் பார்த்தபடி, பிரேக்கிலிருந்து காலை மெல்ல எடுத்தார்.