கழித்தால் வரும் குரல்

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். காதை நம்பிச் சோறு தின்கிறவள் நான். இல்லாததைக் கேட்டேன் என்று சொன்னால் என் பிழைப்புதான் போகும். ஆனாலும் சொல்கிறேன், இது நடந்தது.

எங்கள் கம்பெனியில் பாட்டுகளைச் சின்ன ஃபைலாகச் சுருக்குவார்கள். சுருக்கியதில் தரம் கெட்டிருக்கிறதா என்று கேட்டுச் சொல்வது என் வேலை. அசலிலிருந்து சுருக்கியதைக் கம்ப்யூட்டரில் கழித்தால், தூக்கியெறிந்த ஒலி மட்டும் மிஞ்சும். மணல் சலிப்பதுபோல் ஓர் இரைச்சல், அவ்வளவுதான். இரண்டும் அச்சு அசல் ஒன்றாக இருந்தால் அதுவும் இருக்காது.

அன்று மதியம், ஸ்டூடியோவில் ஒலிப்பதிவாளனாக இருந்த என் தம்பி ஒரு பாட்டு அனுப்பியிருந்தான். காலையில் பதிவு செய்தது.

கழித்தேன். ஹெட்போனில் இரைச்சல்... அதற்கடியில் யாரோ இருமினார்கள்.

அசலைக் கேட்டேன். இருமல் இல்லை.

இன்னும் சின்னதாகச் சுருக்கிக் கழித்தேன். இருமல் கிட்டே வந்தது. டொக்... டொக்... கதவைத் தட்டும் சத்தம்.

இன்னும் சுருக்கினேன்.

"அக்கா... புகையா இருக்கு... கதவு திறக்கல..."

தம்பியின் குரல்!

அந்த ஒலியைச் சேமித்துவிட்டு வெளியே ஓடிப் போன் போட்டேன்.

"டேய், எங்க இருக்க?"

"ஸ்டூடியோலதான். ஏன்க்கா இப்படி மூச்சு வாங்குது?"

"உடனே வெளிய வா. எதுவும் கேக்காத."

சிரித்தான். "பாட்டு கேட்டே உனக்கு மண்டை குழம்பிருச்சு. உள்ள ஒரே ஒரு மைக் மாத்தணும். மாத்திட்டு வரேன்."

"வேணாம்டா..."

வைத்துவிட்டான்.

மறுபடி போட்டேன். எடுக்கவில்லை.

மறுபடி...

வண்டி பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது தெருவெல்லாம் புகை. என்னை உள்ளே விடவில்லை. கத்தினேன், அழுதேன். வேறென்ன செய்ய முடியும்?

உள்ளறை ஏசியில் தீ. பூட்டு சிக்கிக்கொண்டதாம். பக்கத்து அறையில் ஆள் இருந்திருக்கிறார். தம்பி இருந்தது சத்தம் வெளியே போகாத அறை. அவருக்கு ஒன்றுமே கேட்கவில்லை. எனக்குக் கேட்டது. கேட்டு என்ன பயன்?

சில நாள் கழித்து ஸ்டூடியோ முதலாளி ஒரு பென்டிரைவ் கொடுத்தார். உள்ளறை மைக்கிலிருந்து வெளியறைக் கம்ப்யூட்டரில் அப்போது பதிவு ஓடிக்கொண்டிருந்ததாம். என்னிடம் பேசி முடித்த பிறகு தம்பி தொடங்கிய பதிவு.

"இது உங்ககிட்டதாம்மா இருக்கணும்."

அதே இருமல். அதே டொக்... டொக்...

"அக்கா..."

நான் சேமித்ததையும் இதையும் சேர்த்து வைத்துக் கழித்தேன்.

மிச்சம் ஒன்றுமே இல்லை.