கறுப்புப் பிள்ளைகளின் பள்ளியும் எங்கடை கொட்டிலும்

ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். ஆனாலும் நியூசிலாந்துக்கு வந்து ஹென்டர்சனில் இரண்டு வீடு வாங்கினேன், பென்ரோஸ் பெட்டித் தொழிற்சாலையில் சூப்பர்வைசர் ஆனேன். எங்கடை ஆக்களில் வேறு ஆர் அப்படி வந்தது, சொல்லுங்கோ பார்ப்பம்!

அப்படிப்பட்ட எனக்கு அந்தத் தொண்ணூறுகளில் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பக்கத்தில் இருக்க ஒரே ஓர் ஆள்தான். அமெரிக்காவிலிருந்து வந்த கறுப்பு மனுசன், ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன், என் வயதுக்காரன்.

அவன் கதைப்பதெல்லாம் தன் பள்ளிக்கூடத்தைத்தான். கறுப்புப் பிள்ளைகளுக்கு மட்டும் என்று ஒதுக்கின பள்ளி. தகப்பன்மார் மரம் அரிந்து, தாய்மார் கோழி பொரித்து விற்றுக் கட்டினதாம். வெள்ளைப் பிள்ளைகள் கிழித்து முடித்த புத்தகங்கள்தான் இவர்களுக்கு வரும். அந்தப் பிள்ளைகளின் பஸ் சேற்றை அடித்துவிட்டுப் போக, இவர்கள் நடப்பார்கள். பிறகு சட்டம் மாறி எல்லாரும் ஒரே பள்ளி என்றானபோது இழுத்து மூடினது இவர்களுடையதைத்தான். தலைமை ஆசிரியைக்குப் புதுப் பள்ளியில் வேலை கொடுக்கவில்லை. வீட்டிலிருந்து துணி தைத்தாவாம்.

"கட்டடத்தையே இடிச்சுப் போட்டாங்கள். ஆனாலும் வருசா வருசம் அந்த வெறும் நிலத்தில் கூடுவம்," என்றான். "உன்ரை பள்ளிக்கூடத்து ஆக்கள் இங்கை கூடுறதில்லையா?"

நான் தேத்தண்ணியைக் குடித்தேன்.

யாழ்ப்பாணத்துப் பெரிய கல்லூரிகளுக்கு ஒக்லாந்தில் பழைய மாணவர் சங்கங்கள் உண்டு. எங்கடை ஆக்கள் சந்தித்தால் முதற்கேள்வி எந்த ஊர், அடுத்தது எந்தப் பள்ளிக்கூடம். என்னுடையதும் ஒதுக்கின பள்ளிதான். பெரிய பள்ளியில் எங்கள் சாதிப் பிள்ளைகளை வாங்கில் இருக்க விடாமல் வெறும் நிலத்தில் இருத்தினதால் எங்கள் ஆக்களே கொட்டில் போட்டு நடத்தினது. அதன் பெயரைச் சொன்னால் சாதியைச் சொன்ன மாதிரி. "சும்மா ஊர்ப் பள்ளிக்கூடம்" என்று மழுப்பியே காலத்தைப் போக்கினேன். ஆரோடும் ஒட்டவுமில்லை.

அவன் தன் பள்ளி ஆக்களோடு கூடுவதற்கு அமெரிக்காவுக்குப் போன மாதம், சாப்பாட்டு அறையில் தனியே இருக்க முடியவில்லை. ஒரு கல்லூரிச் சங்கத்தின் மத்தியான விருந்துக்கு டிக்கெட் எடுத்துப் போனேன். மேசையில் ஒரு டாக்குத்தர், அவர் மனுசி, இன்னுமொரு சோடி.

"அண்ணை எந்தப் பள்ளிக்கூடம்?"

பெயரைச் சொன்னேன், உரத்து. "என்ரை அப்பன் ஓலை வேய்ஞ்ச பள்ளிக்கூடம்," என்றும் சேர்த்தேன்.

"ஓ... அப்பிடியே?" என்றார் டாக்குத்தர். "ஆட்டிறைச்சி நல்லாயிருக்கு, என்ன?"

கொஞ்ச நேரத்தில் ஆரையோ கண்டவர் மாதிரித் தட்டோடு எழும்பினார். மனுசியும் போனா. மற்றச் சோடியும் கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பிப் போனது.

நான் எழும்பவில்லை. இரண்டாந்தரமும் சோறு போட்டுச் சாப்பிட்டேன். அவ்வளவு பெரிய வட்ட மேசை முழுக்க எனக்குத்தான்.