கண்ணாடித் தரையும் ஒரு ஜோடிச் செருப்பும்

பதினோரு வருடமாக அவள் ஒரே நகரத்தைத் தினமும் இரண்டு முறை சுற்றிக் காட்டுகிறாள். சுற்றுலா பஸ், நாற்பது இருக்கைகள், கையில் ஒரு மைக். டிரைவர் அவளை 'மைக்கம்மா' என்றுதான் கூப்பிடுவார். மைக்கைப் பிடுங்கிவிட்டால் அவளுக்குப் பேச்சே வராது என்பது அவருடைய வழக்கமான வம்பு.

அவளுக்கு இந்த நகரம் சலித்ததே இல்லை. சந்தை மணிக்கூண்டு எப்போதும் சில நிமிடம் முந்தி ஓடும். "சரி பண்ணிட்டா ஊரே ஆபீசுக்கு லேட்டாயிடும்" என்பாள். பஸ் குலுங்கும். எந்தச் சிரிப்பு எந்த இடத்தில் விழும் என்பது அவளுக்குத் தூக்கத்தில்கூடத் தெரியும்.

போன மாதம் அவளுடைய அக்கா வேலையிலிருந்து ஓய்வு பெற்றாள். ஆஸ்பத்திரியில் தரை துடைக்கும் வேலை. அம்மா போன பிறகு தங்கையை வளர்த்து ஆளாக்கியவள் அவள்தான். இப்போது ஒண்டிக்கட்டை. "என்கூடவே வந்துடேன்க்கா" என்று தங்கை போனில் நச்சரித்தாள். "முதல்ல ஊரைப் பாக்கறேன். அப்புறம் சொல்றேன்" என்றாள் அக்கா. பாதி சம்மதம் கிடைத்த மாதிரி, தங்கை உடனே ஜன்னலோரம் புதுக் கட்டில் வாங்கிப் போட்டுவிட்டாள்.

வியாழக்கிழமை காலை அக்காவைத் தன் பஸ்ஸிலேயே ஏற்றினாள். முன்வரிசை காலியாகத்தான் இருந்தது. அக்காவின் கையில் பெரிய பிளாஸ்டிக் கூடை, குரலோ வெண்கலம்.

"நாலாவது வரிசையில உக்காருக்கா. அங்கதான் காத்து வரும்."

அக்கா மறுபேச்சில்லாமல் போய் உட்கார்ந்தாள். மணிக்கூண்டு வந்ததும் முதலில் சிரித்தவள் அவள்தான். பாலத்தில் பஸ் ஏறியபோது ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டி ஆற்றைப் பார்த்தாள். கட்டிலுக்கு ஆள் வந்தாயிற்று என்று தங்கை முடிவே கட்டிவிட்டாள்.

கடைசி நிறுத்தம் கோபுரம். உச்சி மாடியில் ஒரு பகுதிக்குத் தரையே கண்ணாடி. கீழே வண்டிகள் எறும்பாக ஊரும். துப்புரவுப் பெண் ஒருத்தி அப்போதுதான் அதைத் துடைத்து முடித்து, ஈரத்துணியோடு ஓரமாக ஒதுங்கி நின்றாள். கூட்டம் ஷூவும் செருப்புமாக ஏறிக் கத்தியது, படம் எடுத்துக்கொண்டது. அக்காவின் முறை வந்தது. குனிந்து செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, ஓரமாக அடிமேல் அடி வைத்து நடந்தாள். யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

தங்கைக்குக் காரணம் தெரியும். பள்ளிக்கூடத்திலிருந்து நேராக ஆஸ்பத்திரிக்கு ஓடிய நாட்களில், தாழ்வாரத்தின் மறுமுனையிலிருந்தே அக்கா கத்துவாள்: "செருப்பைக் கழட்டுடி, ஈரம் காயல!"

தெரிந்தும் மைக் வாய்க்குப் போய்விட்டது.

"பாத்தீங்களா? தினமும் ஒருத்தராவது வந்துடறாங்க. கண்ணாடி உடைஞ்சு நாம போனாலும் செருப்பு பத்திரமா இருக்கணும்ல!"

ஒருநாளும் பொய்த்துப்போகாத வசனம். அன்றைக்கும் பொய்க்கவில்லை. கைதட்டினார்கள். நாலைந்து செல்போன்கள் அக்காவின் பக்கம் திரும்பின. அக்காவும் சிரித்தாள். செருப்பைக் கூடைக்குள் ஒளித்துக்கொண்டு சிரித்தாள். துப்புரவுப் பெண் மட்டும் சிரிக்காமல் மைக்கையே பார்த்தாள். தங்கைக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

பஸ் கிளம்பும் முன் தலைகளை எண்ணிக்கொண்டு வந்தாள். நாலாவது வரிசையை நெருங்கும்போது, பக்கத்து இருக்கைப் பெண்மணி அக்காவிடம் கேட்பது காதில் விழுந்தது.

"ஏறும்போது அவங்ககிட்ட பேசிட்டிருந்தீங்களே, தெரிஞ்சவங்களா?"

"இல்லைங்க. சீட்டு எங்கன்னு கேட்டேன், அவ்வளவுதான்."

எண்ணிக்கை தவறிவிட்டது. மறுபடி முதலிலிருந்து எண்ணினாள். திரும்பும் வழியெல்லாம் மைக் மடியிலேயே கிடந்தது. "என்ன மைக்கம்மா, பேட்டரி போச்சா?" என்றார் டிரைவர்.

வீட்டுக்கு வந்ததும் கதவைக்கூடச் சாத்தாமல் கேட்டாள். "ஏன்க்கா என்னைத் தெரியாதுன்னு சொன்னே?"

"பின்ன? அவங்க சிரிச்ச ஆளு உன் அக்கான்னு தெரிஞ்சா உனக்குத்தானேடி அசிங்கம்."

"எனக்குத் தெரியும்க்கா, நீ எதுக்குக் கழட்டினேன்னு. தெரிஞ்சேதான் சொல்லிட்டேன்."

அக்கா கூடையிலிருந்து செருப்பை எடுத்து வாசலில் ஜோடியாக வைத்தாள். நேரம் எடுத்துக்கொண்டு வைத்தாள்.

"அதுவும் எனக்குத் தெரியும். நான் வளர்த்த பொண்ணு, உன் மூஞ்சி எனக்குத் தெரியாதா?" என்றாள். பிறகு, "ஊரு அழகாத்தான்டி இருக்கு. நீ சொல்ற விதம் அதைவிட அழகு. எனக்கு என் வீடே போதும்" என்றாள்.

தங்கை அழுதாள். அக்கா கூடவே உட்கார்ந்திருந்தாள். சமாதானம் சொல்லவில்லை.

சனிக்கிழமை காலை எட்டரைக்கு அக்காவுக்கு பஸ். ஏற்றிவிடத் தங்கை லீவு போட்டிருக்கிறாள்; ஒன்பது மணிச் சுற்றுக்கு வேறொருத்தி மைக் பிடிக்கிறாள்.