ஹட்டனிலிருந்து பிரான்சுக்கு ஆறு வார்த்தை

சென்ற செவ்வாய்க்கிழமை காலை ஹட்டன் பஜாரில் என் குடைக்கடையைத் திறந்தபோது, பக்கத்துத் தையல் கடை அடைத்தே இருந்தது. எதிர்க்கடை முதலாளி ஓடி வந்து, “மாணிக்கண்ணே போயிட்டாருங்க” என்றார்.

“எங்க போனாரு?” என்று கேட்டுவிட்டேன். அத்தனை வருடமாக வேறொரு நாட்டுக்குப் போவதைப் பற்றியே பேசிய மனிதர். அப்படித்தான் கேட்கத் தோன்றியது.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். காரைக்கால் மாணிக்கம் அவர்கள் தைக்காத காற்சட்டையில் இந்த மலைநாட்டில் ஒரு துரையும் நடந்ததில்லை. அவர் தைத்த கோட்டை மாட்டினால் மூன்றாம் நம்பர் மலைக் கங்காணிகூடக் கவர்னர் மாதிரி இருமுவார். அப்பேர்ப்பட்டவருக்கு இல்லாதது ஒன்றே ஒன்றுதான்: நாடு. கைக்குழந்தையாகக் காரைக்காலிலிருந்து வந்தவர். இலங்கைப் பிரஜாவுரிமைக்கு மனுப்போட்டார், அத்தாட்சி போதவில்லை. இந்தியாவுக்குப் போட்டார், நீங்கள் பிறந்தபோது காரைக்கால் பிரெஞ்சுக்காரர் மண் ஆயிற்றே என்றார்கள். இப்படி இரண்டு நாடுகள் சேர்ந்து ஒரு தையற்காரரை மூன்றாவது நாட்டுக்குக் கைகாட்டிவிட்டன.

அந்த மூன்றாவது நாட்டின் கதவு திறந்திருக்கிற செய்தியைப் பத்திரிகையில் படித்துச் சொன்ன பாவி நான்தான். காரைக்காலில் பிறந்து வெளியூரில் இருப்பவர்கள் பிரெஞ்சுக் குடிமக்களாகவே இருக்கலாமாம்.

“கொழும்புல அவுங்க ஆபீசுக்குப் போனா பிரெஞ்சு பேசச் சொல்லுவாங்களா?” என்றார் அண்ணன்.

“பின்னே? பாட்டே பாடச் சொல்லுவாங்க” என்றேன்.

அதை நம்பி, அன்று மாலையே மாதா கோயில் பங்களாவில் இருந்த வயதான பிரெஞ்சுப் பாதிரியாரிடம் போய்விட்டார். அவருடைய அங்கியின் விளிம்பைத் தைத்துக் கொடுத்துக்கொண்டே ஆறு வார்த்தை கற்றார். காலையில் கண்டால் போன்ழூர், பொழுது சாய்ந்தால் போன்ஸ்வார், தயவுசெய்து என்பதற்குச் சில் வு ப்ளே, நன்றிக்கு மெர்சி, மன்னிப்புக்குப் பர்தோன், நம்ம ‘வர்றோம்’ மாதிரி விடைபெற ஒ ருவார். அம்மாவுக்கு மதாம், ஐயாவுக்கு மெஸ்யே, இரண்டும் கொசுறு. நானும் கூடப் போய் உட்கார்ந்திருந்தேன். அண்ணன் கேட்ட கேள்விகளில் பாதிரியாருக்கு இருந்த நாலு முடியும் உதிர்ந்தது.

“போன்ழூர்னா நல்ல நாள்ங்கிறீங்க. நம்ம ஊர்ல பத்து மாசம் மழை. மழையிலயும் சொல்லணுமா ஃபாதர்?”

“சொல்லணும்.”

“பனி இறங்கிட்டா காலையா சாயங்காலமான்னே தெரியாதே. எந்த நிமிசத்துல போன்ஸ்வாருக்கு மாறுறது?”

பாதிரியார் சன்னலைத் திறந்து பனியைப் பார்த்தார். “உங்க இஷ்டம்.”

“துரைக்குச் சொல்றதும், கொழுந்து எடுக்கிற பொம்பளைக்குச் சொல்றதும் ஒண்ணுதானா?”

“ஒண்ணேதான். கடைக்குப் போனாலும் முதல்ல போன்ழூர். அப்புறந்தான் ரொட்டி.”

“கடைக்காரரு பதில் சொல்லுவாரா?”

“சொல்லாம எப்படி?”

அதைக் கேட்டு அண்ணன் ஊசியைக் கீழே வைத்துவிட்டார். நாம் சலாம் வைத்தால் வைத்ததோடு சரி. துரை குதிரையோடு போய்விடுவார். பதில் வருகிற சலாமை அவர் அதுவரை கேள்விப்பட்டதில்லை.

மறுநாளே கடையில் ஒத்திகை. ரவிக்கைத் துணியோடு வந்த தோட்டத்துப் பெண்ணிடம் எழுந்து நின்று, “போன்ழூர், மதாம்” என்றார்.

“என்னா தையக்காரரே, விடியமுன்னயே ஏத்திக்கிட்டீங்களா?” என்றாள் அவள்.

விளக்கம் சொன்னார். அடுத்த வாரம் அவள் நாலு பேரைக் கூட்டிவந்து, “எங்களுக்கும் அந்த மருவாதிய வைங்க” என்று வாசலில் வரிசையாக நின்றாள். அவர் வைத்த போன்ழூர் வலப்பனைச் சந்தை வரை கேட்டதாக வந்தவர்கள் சொன்னார்கள்.

கொழும்புக்கு ரயிலேறினோம். வட்டவளை தாண்டுவதற்குள் அவர் ஆறு வார்த்தையையும் அறுநூறு முறை சொன்னார். அலுவலக அறைக்குள் நுழைந்ததும், “போன்ழூர், மெஸ்யே.” மேசைக்குப் பின்னாலிருந்த வெள்ளைக்காரர் எழுந்தார். சட்டைப் பொத்தானைச் சரிசெய்துகொண்டு, “போன்ழூர், மெஸ்யே” என்றார். அண்ணன் கண் கலங்கி, கையிலிருந்த சில் வு ப்ளே, மெர்சி, பர்தோன் மூன்றையும் ஒரே மூச்சில் செலவழித்துவிட்டார். வெள்ளைக்காரர் மகிழ்ந்துபோய் அருவிபோல் பிரெஞ்சைக் கொட்டினார். போன்ஸ்வாருக்கு இன்னும் பொழுது சாயவில்லை, பாக்கியிருந்தது ஒ ருவார் ஒன்றுதான். வந்தவுடன் அதை எப்படிச் சொல்வது? தமிழ் தெரிந்த குமாஸ்தா வந்து காப்பாற்றினார்.

பிறந்த பதிவு வேண்டுமாம். இல்லாமல் ஒன்றும் செய்வதற்கில்லையாம். அதைச் சொல்லும்போதும் அந்த அதிகாரி நின்றுகொண்டே சொன்னார். அண்ணன் குமாஸ்தாவிடம், “இப்ப ரொம்ப வருத்தப்பட்டு ஒரு வார்த்த சொன்னாரே, அது என்னாங்க?” என்று கேட்டு அதையும் எழுதிக்கொண்டார்.

திரும்பும் ரயிலில் நான்தான் வாடிப்போயிருந்தேன். அவர் சொன்னார்: “எத்தனையோ ஆபீசு ஏறிட்டேன் தம்பி. இல்லைன்னு சொல்றதுக்கு எந்திரிச்ச மனுசன் இவருதான்.”

காரைக்காலுக்குக் கடிதம் போட்டோம். மாமன் மகன் பதில் எழுதினார்: வீட்டில் பிறந்த பிள்ளை, பதிவு செய்யவே இல்லையாம். அண்ணன் கடிதத்தை மடித்தார். “நான் பொறந்ததுக்கு நானே சாட்சி” என்று சிரித்தார். அன்று தைத்த மூன்று சட்டைக்கும் பொத்தானுக்குக் காஜா எடுக்க மறந்துபோனார். அதன்பிறகு எந்த மனுவும் போடவில்லை.

புதன்கிழமை, தேயிலை மலைக்கு மேலே இடுகாட்டில், குழி வெட்ட வந்தவர் மண்வெட்டியை ஊன்றி நின்றார். பிறந்த பதிவு கேட்கவில்லை. “தலையத் தெக்க வைக்கிறதுதான் வழக்கம். வைக்கட்டுங்களா?” என்று மட்டும் கேட்டார்.

மூக்கைச் சிந்திக்கொண்டிருந்த செல்லம்மா அண்ணி நிமிர்ந்தார். “ஆளுக ஏறி வர்ற வழி எது?”

குழி வெட்டுபவர் கிழக்கே கையைக் காட்டினார்.

“அப்ப மூஞ்சி அந்தப் பக்கம் பாக்குற மாதிரி வைங்க. யாராச்சும் வந்தா முதுகக் காட்டிக்கிட்டுக் கெடக்குற மனுசனில்ல அவரு.”

அவர் குழிக்கு அளவு கட்டியிருந்த கயிற்றைப் பிடுங்கி, வழிக்கு நேராக மாற்றிக் கட்டினார். மழை தொடங்கியது. குடைக்காரன் நான், அன்று குடை கொண்டுபோகவில்லை.

வர்றோம், மாணிக்கண்ணே.