வாய் திறக்க மறுத்த பிள்ளை

மெட்ராஸ் ஆஸ்பத்திரியிலிருந்து மகளைக் கூட்டிக்கொண்டு வெண்ணந்தூருக்குத் திரும்பிய பிறகு, பொன்னாத்தாள் யாரோடும் நின்று பேசுவதில்லை. எண்பத்து மூன்றாம் வருசம் அது. ஏழு வயதுக் கண்ணாத்தாளுக்கு ரத்தப் புற்றுநோய். ஊசி மருந்து ஏற ஏறத் தலைமுடி கொத்துக் கொத்தாகக் கொட்டிப்போயிற்று. அதற்குக்கூடப் பொன்னாத்தாள் அழவில்லை. அவளுடைய பயமெல்லாம் பிள்ளையின் வாயைப் பற்றித்தான்.

காரணம் இருந்தது. வார்டில் பக்கத்துக் கட்டிலில் ஆத்தூர்ப் பையன் ஒருவன் இருந்தான். ஊருக்குப் போனவன் வாயெல்லாம் புண்ணாகி, கொதிக்கும் காய்ச்சலோடு திரும்பி வந்தான். வாய்ப்புண்தானே என்று வீட்டில் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். படுத்தவன் எழவேயில்லை. அன்றைக்கு நர்சம்மா பொன்னாத்தாளை ஓரமாக அழைத்துச் சொன்னாள்: "இந்த மருந்து உடம்பு தாங்குற சக்தியையும் குறைச்சிடும்மா. வாய்ல புண்ணு வந்தா அது வழியா கிருமி ரத்தத்துல போயிடும். வாயைச் சுத்தமா வெச்சிருங்க. காய்ச்சல் வந்தா மட்டும் காத்திருக்காதீங்க, உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க."

சாப்பிட்ட பின்னும் படுக்கும் முன்னும், காய்ச்சி ஆறவைத்த தண்ணீரில் உப்பும் ஆப்பசோடாவும் துளித்துளி கலந்து கொப்பளிக்க வேண்டும். பல்குச்சி, பல்பொடி எதுவும் கூடாது. வெந்நீரில் அவித்த வெள்ளைத் துணியை விரலில் சுற்றி மெல்லத் துடைக்க வேண்டும். காரமும் புளிப்பும் ஆகாது. பொன்னாத்தாள் அத்தனையும் செய்தாள். ஆனாலும் அடுத்த ஊசிக்கு மெட்ராஸ் போய்வந்த பிறகு உதட்டின் உள்பக்கம் சிவந்து வெடித்தது. தம்ளரைக் கண்டாலே பிள்ளை இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

புருசன் மயில்சாமி லாரி ஓட்டிக்கொண்டு நாக்பூருக்குப் போயிருந்தான். துணைக்கு வந்திருந்த அவன் அக்காள் பாப்பாயிக்கு இந்தச் சோடாத் தண்ணியில் நம்பிக்கையில்லை. ஒரு நாள் பொன்னாத்தாள் கிணற்றடியிலிருந்து வந்தபோது, பாப்பாயி பிள்ளையை மடியில் அமுக்கி, படிகாரத்தைப் பொடித்து ஈறில் தேய்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளை வீறிட்டாள். கடைவாயில் ரத்தம் கசிந்தது.

"நங்கை, உடுங்க அவள!" என்று நாத்தனாரின் கையைப் பிடித்து இழுத்தாள் பொன்னாத்தாள்.

"எங்காலத்துல இதுலதான் ஆறுச்சு. நீ மெட்ராசுக்காரி சொன்னதையே சொல்லிட்டிரு."

"அந்தக் காலத்துப் புள்ளைக்கு இந்த ஊசி போடலீங்க."

பாப்பாயி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதற்குப் பிறகு பிள்ளை யாரையும் கிட்டே அண்டவிடவில்லை. கெஞ்சிப் பார்த்து, மிரட்டிப் பார்த்து, கடைசியில் பொன்னாத்தாள் துணியை மகளின் விரலில் சுற்றிவிட்டுத் தன் வாயைத் திறந்தாள்.

"நீ மொதல்ல எனக்குத் தொடச்சு உடு அம்முணி."

கோபத்தில் பிள்ளை அழுத்தித்தான் தேய்த்தாள். பொன்னாத்தாள் கண்ணில் நீர் கட்டியது, வாயை மூடவில்லை. "வலிக்குதா?" என்றாள் பிள்ளை. "வலிக்குது சாமி. மெல்லப் பண்ணு." விரல் தளர்ந்தது. பிறகு அவளாகவே கொஞ்சம் வாயைத் திறந்தாள்.

அப்போதுதான் தெரிந்தது, நாக்கு முழுக்கத் தயிர் படிந்தாற்போல் வெள்ளை. துடைத்தும் போகவில்லை. கழுத்தைத் தொட்டாள், சுட்டது.

"நாளைக்குக் கோயில்ல பூக் கேட்டு, சாமி உத்தரவு வாங்கிட்டு அப்புறம் போலாம். தம்பியும் வந்துருவான்" என்றாள் பாப்பாயி.

"நாளைக்கு வரைக்கும் காய்ச்சல் காத்திருக்காதுங்க" என்று பொன்னாத்தாள் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு சேலம் ரோட்டுக்கு வந்தாள். பஸ் வரவில்லை. மரவள்ளிக்கிழங்கு ஏற்றிய லாரி ஒன்றை நடுரோட்டில் நின்று மறித்தாள். வழி முழுக்க ஈரத்துணியால் பிள்ளையின் உதட்டை நனைத்துக்கொண்டே வந்தாள். பிள்ளை பேசுவதை நிறுத்தியிருந்தாள். மல்லூர் தாண்டும்போது கண்ணும் செருகியது. "கண்ணு, என்னயப் பாரு, என்னயப் பாரு" என்று கன்னத்தைத் தட்டிக்கொண்டேயிருந்தாள். டிரைவர் ஆக்சிலேட்டரை இன்னும் அழுத்தி மிதித்தான்.

சேலம் ஆஸ்பத்திரியில் டாக்டர் மெட்ராஸ் மருந்துச் சீட்டைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். கையில் ஊசி ஏறியது. நாக்கில் ஊதா மருந்து தடவினார்கள். "இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா எங்க கையில இல்லம்மா" என்று மட்டும் சொன்னார். காய்ச்சல் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்த அந்த நாட்களில் பொன்னாத்தாள் கட்டிலைவிட்டு நகரவில்லை. புண்ணின் மேல் துணி படும்போது பிள்ளை முனகினால்கூட அவளுக்கு உயிர் வந்தது.

காய்ச்சல் விட்ட காலையில் பாப்பாயி தூக்குச்சட்டியோடு வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரத் தயங்கினாள்.

"கஞ்சிங்களா?" என்றாள் பொன்னாத்தாள்.

"நல்லா ஆத்தித்தான் கொண்டாந்தேன். உப்புக்கூட ரொம்பப் போடல."

பிள்ளை ஊதா நாக்கை நீட்டி, ஒவ்வொரு கரண்டியாக நக்கிக் குடித்தாள். மயில்சாமி வந்து சேர்ந்தபோது அப்பனைப் பார்த்து முதலில் கேட்டது முறுக்கு. பொன்னாத்தாள் வேண்டாமென்றாள்.

அதன்பின்னும் சிகிச்சை நீண்டது. புண் வந்தது, ஆறியது. கண்ணாத்தாள் பிழைத்தாள். அந்த மருந்தின் வேகத்தில் கடைவாய்ப் பற்கள் சில முளைக்கவேயில்லை. பத்தாவது படிக்கும்போது, தோழிகளுக்கு முன்னால் அம்மா வாயைத் திறக்கச் சொல்கிறாள் என்று அவள் சண்டை பிடிப்பாள். பொன்னாத்தாள் திறக்கச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் அனுப்புவாள்.